மணிக்கு இவ்வளவு: ஓர் அறுப்புக் குழுவின் 2023 பருவம்

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், தலைவாசல் பக்கம் நெல் அறுக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் நிறைய. உள்ளூர் நெல்லுக்கு அத்தனை வண்டி தேவையே இல்லை. வாங்கும்போதே வெளியூருக்கு அனுப்பத்தான் வாங்குகிறார்கள். தை பிறந்தால் காவிரி டெல்டா, மாசியில் பாலக்காடு, பங்குனியில் குட்டநாடு என்று வண்டி போய்க்கொண்டே இருக்கும். அப்படிப் போகிற ஒரு வண்டியையும் அதோடு போகிற மூன்று பேரையும் பற்றியது இந்த ஆய்வு. நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊருக்குச் சில வருடங்களாக இதே குழுதான் வருகிறது. 2023 ஜனவரிக் கடைசியில் அவர்கள் வந்து இறங்கியதிலிருந்து ஏப்ரலில் ஊர் திரும்பியது வரை நடந்ததில் பாதியை நேரில் பார்த்தேன், மீதியை டிரைவரிடம் போனில் கேட்டுக்கொண்டேன். பெயர்கள் வேண்டாம்.

அந்தப் பருவத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் மழை. சாதாரண வருடத்தில் இந்தத் தொழிலின் கோளாறு வெளியே தெரியாது. எல்லாரும் நாலு காசு பார்த்துவிட்டு அமைதியாகப் போய்விடுவார்கள். நனைந்து சாய்ந்த பயிரில் வண்டி இறங்கும்போதுதான் யார் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்ற கேள்வி வருகிறது. என் கணிப்பில் கோளாறு ஒன்றுதான்: கூலி மணிக்கணக்கில் பேசப்படுகிறது. விவசாயி கொடுப்பதும் மணிக்கு, வண்டிக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்ட்டின் கமிஷனும் மணிக்கு, டிரைவர் பேட்டாவும் மணிக்கு. எத்தனை ஏக்கர் அறுத்தார்கள், எவ்வளவு நெல் தொட்டியில் விழுந்தது என்பது யார் கணக்கிலும் இல்லை.

வண்டியும் ஆளும்

டெல்டாவுக்கு வருவது இரண்டு வகை. டயர் வண்டி பெரும்பாலும் பஞ்சாப் தயாரிப்பு, 14 அடி அகலத்துக்கு வெட்டும். காய்ந்த வயலில் அதன் வேகத்துக்கு ஈடில்லை. ஆனால் சம்பா வயலின் களிமண்ணில் ஈரம் இருந்தால் அச்சு வரைக்கும் இறங்கிவிடும். செயின் வண்டி, அதாவது பெல்ட் வண்டி, ஏழடிதான் வெட்டும், மெதுவாகப் போகும், சேற்றில் தாக்குப்பிடிக்கும். நம் குழுவினுடையது செயின் வண்டி.

செயின் வண்டியை ரோட்டில் ஓட்டிப்போக முடியாது. தார் ரோட்டில் ரப்பர் பெல்ட் தேய்ந்துவிடும், ஒரு ஜோடி மாற்றினால் லட்சத்தைத் தாண்டும். அதனால் கூடவே ஒரு லாரி. பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் ஏற்றி இறக்க வேண்டும். இந்த ஏற்றும் வேலையைப் பார்ப்பவர்களுக்கு வயிறு கலங்கும். மேடான இடமாகப் பார்த்து லாரியைப் பின்பக்கமாக நிறுத்தி, இரண்டு இரும்புச் சட்டங்களைச் சாய்த்துப் போடுவார்கள். வண்டி அதன்மேல் ஏறும்போது முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், டிரைவருக்குச் சட்டமே கண்ணில் படாது. ஹெல்பர் டார்ச்சை ஆட்டிக்கொண்டு "லெஃப்ட்டு, லெஃப்ட்டு, போதும்... நேரா வாங்கண்ணா" என்று கத்துவான். அந்தக் குரலை நம்பித்தான் சில டன் எடையுள்ள வண்டி மேலே ஏறுகிறது. பாதி நாள் இது ராத்திரி பத்து மணிக்கு மேல் நடக்கும்.

பெரிய டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். சின்ன டிரைவர் லாரியும் ஓட்டுவார், பெரியவர் களைத்தால் வண்டியிலும் ஏறுவார். ஹெல்பர் டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பையன். ஓனர் ஆத்தூரிலேயே இருப்பார், போனில் மட்டும் பேசுவார். டீசல், லாரி, ரிப்பேர் எல்லாம் அவர் செலவு. டிரைவர்களுக்கு, விவசாயியிடம் பில் போட்ட மணிக்கு இவ்வளவு என்று பேட்டா. ஹெல்பருக்கு மட்டும் நாள் சம்பளம்.

இவர்கள் தங்குவதற்கென்று ஓர் இடம் கிடையாது. ஒருநாள் மோட்டார் கொட்டகை, ஒருநாள் பிள்ளையார் கோயில் மண்டபம், ஒன்றும் அமையாவிட்டால் லாரியின் மேல் தார்ப்பாய். முன்பெல்லாம் யார் வயலில் அறுப்போ அவர் வீட்டில் இவர்களுக்குச் சாப்பாடு. இப்போது பலர் காசாகக் கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரி சின்னக் கேஸ் அடுப்பில் சோறும் முட்டைக் குழம்பும் ஆகும், சமைப்பது ஹெல்பர். குளியல் பம்புசெட்டில். குளித்தாலும் நெல்லுச் சுனை போகாது. கழுத்து, முழங்கை மடிப்பு, காதுக்குள் எல்லாம் அரிக்கும். "தேங்காண்ணெய் தடவிட்டுத்தான் படுப்போம்ண்ணா, இல்லாட்டி விடிய விடிய சொறிஞ்சிட்டே கிடக்கணும்" என்றார் சின்ன டிரைவர். ராத்திரி லைட் போட்டு அறுக்கும்போது பூச்சி மொய்க்கும், அதனால் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டுதான் உட்காருவார்.

காலையில் வண்டி கிளம்பாது. தை மாதப் பனியில் தாள் நனைந்திருக்கும், உள்ளே போனால் சுற்றிக்கொள்ளும். ஒன்பதரை, பத்து மணி வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த நேரம் சும்மா இருப்பதாக ஊரார் நினைப்பார்கள். உண்மையில் நாளின் முக்கியமான வேலை அப்போதுதான் நடக்கிறது: கிரீஸ் அடிப்பது, உடைந்த கத்தித் துண்டுகளை மாற்றுவது, ரேடியேட்டர் வலையில் அடைத்த தூசியைத் தட்டுவது, சல்லடையில் சிக்கிய தாளைப் பிடுங்குவது. இதற்கெல்லாம் மணிக்கூலி கிடையாது.

ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு

நிமிர்ந்து நிற்கும் காய்ந்த பயிரில் செயின் வண்டி ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். அந்தப் பருவத்தில் எங்கள் பக்கம் 2,500 ரூபாயை ஒட்டிப் பேசினார்கள். அரசின் வேளாண் பொறியியல் துறையின் செயின் வண்டிக்கு அப்போது வாடகை 1,880 ரூபாய்தான், டயர் வண்டிக்கு 1,160. ஆனால் துறையிடம் இருப்பது விரல்விட்டு எண்ணும் அளவு, முன்பதிவு வரிசை நீளம். தனியார் வண்டிக்குக் கலெக்டர்கள் கூட்டம் போட்டு ஒரு தொகை சொல்வார்கள். வெயில் காலத்தில் அந்தத் தொகை நிற்கும், மழை வந்தால் நிற்காது.

2022–23இல் கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,115 ரூபாய், சன்ன ரகம் 2,160. அப்படியானால் வண்டி ஓடும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு குவிண்டாலுக்கு மேல் நெல் போகிறது. விவசாயி வரப்பில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

அதிலும் எங்கள் ஊர் வயல்கள் ஒரு மா, இரண்டு மா அளவு. ஒரு மா என்பது 33 சென்ட். அத்தனை சின்ன வயலில் வண்டி வெட்டும் நேரத்துக்குச் சமமாகத் திரும்பும் நேரமும் ஆகிறது. மூலையில் நின்று பின்வாங்கி மறுபடி நுழைய வேண்டும். ஈர வயலுக்குள் டிராக்டர் டிப்பர் வர முடியாததால் தொட்டி நிறைந்ததும் வண்டியே ரோட்டோரம் வரை நடந்து போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். சின்ன வயல்காரர் ஏக்கர் ஒன்றுக்குப் பெரிய வயல்காரரைவிட அதிகம் கொடுக்கிறார், அது அவருக்கே தெரிவதில்லை.

பிப்ரவரி மழை

2022இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12க்குப் பதில் மே 24 அன்றே திறந்தது. தண்ணீருக்குக் குறையில்லாத வருடம், சம்பா செழிப்பாக நின்றது. ஜனவரிக் கடைசியில் குழு வந்து நாலைந்து நாள் நன்றாக ஓட்டினார்கள். வங்கக்கடலில் உருவான தாழ்வு மண்டலம் இலங்கையைக் கடந்தபோது, பிப்ரவரி முதல் வாரம், டெல்டா முழுக்கக் காலம் தவறிய மழை. அறுப்புக்குத் தயாராக நின்ற பயிர் தலை கவிழ்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. சில இடங்களில் கதிரிலேயே முளைவிட்டது.

மழை நாட்களில் குழு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. வண்டி ஓடவில்லையென்றால் பேட்டா இல்லை. சாப்பாட்டுச் செலவு மட்டும் நிற்கவில்லை. ஓனர் ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் செய்வார், "இறங்குமா, இறங்காதா" என்று. பாலக்காட்டு ஏஜென்ட்டும் போன் செய்வார், "எப்ப வர்றீங்க" என்று. அங்கே இரண்டாம் போக அறுப்பு பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும், முன்பணமும் வாங்கியாகிவிட்டது.

மழை விட்டதும் எல்லாருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டியிருந்தது. அதே சமயம் பாலக்காட்டுக்குச் சொல் கொடுத்திருந்த வண்டிகள் சில கிளம்பிவிட்டன. மிச்சமிருந்தவர்களில் சிலர் 3,000 கேட்டார்கள். எங்கள் ஏஜென்ட் அவ்வளவு தூரம் போகவில்லை, ஆனால் ஏற்றாமலும் இல்லை. இதில் டிரைவருக்குப் பேச்சே கிடையாது. விலையை ஓனரும் ஏஜென்ட்டும் பேசிவைக்கிறார்கள், வரப்பில் நின்று திட்டு வாங்குவது அவர்.

சாய்ந்த பயிரில் ஏக்கருக்கு இரண்டு மணி நேரம், சில இடத்தில் இரண்டரை. கத்தியைத் தரையோடு தரையாக இறக்கி, பயிர் சாய்ந்த திசைக்கு எதிராக ஒருபக்கமாகவே வெட்டிக்கொண்டு போய், வெறுமனே திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். சேறும் தாளும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். நிறுத்தி, இறங்கி, கையால் பிடுங்கி எடுப்பார்கள். இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வரப்பில் ஒருவர் கடிகாரத்தோடு நிற்கும்போது அணைக்காமலே கை வைத்துவிடுகிறார்கள். சின்ன டிரைவரின் இடது கைச் சுட்டுவிரலில் நுனி கிடையாது, அது வேறொரு மழை வருடத்தின் கதை. வயலுக்கு மேலே தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி இன்னொரு பயம். ராத்திரியில் அது கண்ணுக்குத் தெரியாது, அதனால் ஹெல்பர் பகலிலேயே போய்ப் பார்த்து வைத்துக்கொள்வான்.

முக்கியமான சம்பவம் ஒன்று இந்த நாட்களில் நடந்தது. வாய்க்காலை ஒட்டிய ஒரு வயல், இரண்டு மா. பெரிய டிரைவர் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த மூலை உள்வாங்குதுங்க. இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்றார். வயல்காரருக்கு எழுபது வயது, நெல் முளைவிட ஆரம்பித்துவிட்டது. "ரெண்டு நாள்ல நீ பாலக்காட்டுல இருப்ப தம்பி. இறக்கு" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இறக்கினார்கள். மூன்றாவது சுற்றில் அந்த மூலையில் வலது பெல்ட் இறங்கி வண்டி சாய்ந்து நின்றது. வைக்கோலை அள்ளிப் போட்டார்கள், பலகை வைத்தார்கள், மூங்கிலை வெட்டிச் செருகினார்கள். கடைசியில் பக்கத்து ஊரில் ஓடிக்கொண்டிருந்த வேறொரு செயின் வண்டியைக் கூப்பிட்டு, இரும்பு வடம் கட்டி இழுத்தார்கள். வெளியே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பணம் கொடுக்கும்போது சண்டை. "நின்ன நேரத்துக்கு நான் ஏன் கொடுக்கணும்?" என்றார் வயல்காரர். "வேணாம்னு சொன்னேனுங்களே ஐயா" என்றார் டிரைவர். சிக்கி நின்ற நேரம் முழுக்க இன்ஜின் ஓடியிருக்கிறது, டீசல் எரிந்திருக்கிறது. வயல்காரருக்கோ ஒரு கதிர்கூட அறுபடவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஏஜென்ட் வந்து பாதி நேரம் என்று முடித்தார். ஓனர் பில் போட்ட மணிக்குத்தான் பேட்டா தருவார். ஆக மீதிப் பாதியில் டிரைவர்கள் இருவரும் சேற்றில் நின்றது இலவசம்.

பிப்ரவரி 6 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் 33 சதவிகிதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார். துறையின் அறுவடை இயந்திரங்களை 50 சதவிகித மானியத்தில் வாடகைக்குத் தருவதாகவும் அறிவிப்பு வந்தது. 20,000 என்பது ஏக்கருக்கு 8,000 சொச்சம். சாய்ந்த பயிருக்குக் கூடுதலாக ஆன ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கே 2,500லிருந்து 3,750 போய்விட்டது. நிவாரணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குக் கொஞ்சம் குறைவு வரை மணிக்கணக்கே தின்றிருக்கிறது. மானிய வாடகை நல்ல யோசனை, ஆனால் வண்டி இருந்தால்தானே மானியம்.

ஈரப்பதச் சிக்கல் தனி. கொள்முதலுக்கு 17 சதவிகிதம்தான் வரம்பு. மாநில அரசு 22 வரை தளர்த்தக் கேட்டது, மத்தியக் குழு வந்து பார்த்தது, பிறகு ஓரளவு தளர்வும் வந்தது. அதற்குள் ரோடெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பதர் அதிகம் என்று நிலையத்தில் திருப்பி அனுப்பினால் அதற்கும் டிரைவருக்குத்தான் போன் வரும், காற்றாடியைச் சரியாக வைக்கவில்லை என்று. ஈரத் தாளில் காற்றை ஏற்றினால் நெல்லும் பறக்கும், குறைத்தால் பதர் தங்கும். நடுவில் ஓர் இடம் பிடிக்க அனுபவம் வேண்டும். பெரிய டிரைவருக்கு அது கை வந்திருந்தது என்பதாலேயே எங்கள் ஊர்க்காரர்கள் வேறு வண்டிக்குப் போகாமல் அவருக்காகக் காத்திருப்பார்கள்.

ஏக்கர் கணக்கு

வேறு வழி இல்லையா என்றால், அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே கோதுமைக் குழுக்கள் மே மாதம் டெக்சஸில் தொடங்கி, ஒக்லஹோமா, கன்சாஸ், நெப்ராஸ்கா வழியாகப் பயிர் விளையும் திசையிலேயே வடக்கே போய் மொன்டானா, வடக்கு டகோட்டா வரை அறுக்கிறார்கள். அவர்கள் கூலி மூன்று பங்காக வரும்: ஏக்கருக்கு இவ்வளவு, ஏக்கருக்கு 20 புஷலுக்கு (புஷல் என்பது அங்கே தானியம் அளக்கும் அளவு) மேல் விளைந்தால் கூடுதலான ஒவ்வொரு புஷலுக்கும் இவ்வளவு, குடோனுக்குக் கொண்டு சேர்க்க புஷலுக்கு இவ்வளவு. கடிகாரத்துக்கு வேலையே இல்லை. இரண்டாம் உலகப் போரில் இரும்புத் தட்டுப்பாடு இருந்தபோது, மாசி-ஹாரிஸ் நிறுவனம் 1944இல் கூடுதலாக 500 இயந்திரம் செய்ய அரசிடம் அனுமதி வாங்கியது. வாங்குபவர் ஒவ்வொருவரும் குறைந்தது 2,000 ஏக்கர் அறுத்துக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் அறுத்தார்கள். அங்கேயும் பேச்சு ஏக்கரில்தான்.

ஏக்கர் கணக்கில் நனைந்த வயலின் நஷ்டம் வண்டிக்காரருக்கு. அதனால் காயும் வரை அவரே காத்திருப்பார். மணிக்கணக்கில் அது முழுக்க விவசாயியின் தலையில். ஆனால் அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே ஒரு வயல் நூற்றுக்கணக்கான ஏக்கர், நமக்கு இரண்டு மா. எந்த வண்டிக்காரரும் இரண்டு மாவுக்கு ஏக்கர் விலை பேச மாட்டார், மூலையில் திரும்பியே நொந்துபோவார். எனக்குத் தோன்றுவது, பத்துப் பதினைந்து வயல்காரர்கள் அடுத்தடுத்த வயல்களைச் சேர்த்து ஒரே பேரமாகப் பேசலாம். நிமிர்ந்த பயிருக்கு ஏக்கர் கணக்கு, சாய்ந்ததற்கு மட்டும் மணிக்கணக்கு, சிக்கி நின்றால் இருவருக்கும் பாதி என்று முதலிலேயே எழுதிக்கொள்ளலாம். பெரிய டிரைவரிடம் சொன்னேன். "எழுதிக்கலாம்ங்ண்ணா. எங்க ஓனர் ஒத்துக்குவாரா, உங்க ஆளுங்க ஒத்துமையா வருவாங்களா?" என்று சிரித்தார்.

கேரளத்தில்

பிப்ரவரி மூன்றாம் வாரம் கிளம்பினார்கள். வாளையார் வழியாகப் பாலக்காடு. பத்து நாள் தாமதம், அதற்குள் ஏஜென்ட் சில வயல்களை வேறு வண்டிக்குக் கொடுத்திருந்தார். மாநிலம் தாண்டும் இந்தப் பயணம் எவ்வளவு அவசியமானது என்பது 2020இல் தெரிந்தது. மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. 27ஆம் தேதியே உள்துறை அமைச்சகம் அறுவடை இயந்திரங்கள் மாநிலத்துக்குள்ளும் மாநிலம் விட்டு மாநிலமும் போகலாம் என்று விலக்கு கொடுத்தது. அப்போதும் இவர்கள் கேரளத்தில்தான் இருந்தார்கள். விலக்கு இயந்திரத்துக்குக் கிடைத்துவிட்டது, சாப்பாட்டுக் கடைதான் திறக்கவில்லை.

பாலக்காடு வறண்ட வயல், வேலை ஓடும், சொல்ல ஒன்றுமில்லை. குட்டநாடு அப்படியல்ல. கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலம், சுற்றிலும் கரை கட்டி, தண்ணீரை இறைத்து வெளியே தள்ளித்தான் புஞ்சை சாகுபடி. இப்படி ஒரே கரைக்குள் சேர்ந்து கிடக்கும் வயல் தொகுதிக்குப் பாடசேகரம் என்று பெயர். பல பாடசேகரங்களுக்கு ரோடே கிடையாது. லாரியிலிருந்து இறக்கிய வண்டியை ஜங்காரில், அதாவது வண்டி ஏற்றும் தட்டைப் படகில் ஏற்றி, காயல் வழியாகக் கொண்டுபோய் வரப்பில் இறக்க வேண்டும். ஹெல்பருக்கு நீச்சல் தெரியாது. முதல் வருடம் ஜங்காரில் வண்டியின் ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றதாகச் சின்ன டிரைவர் கிண்டல் செய்வார்.

அங்கேயும் மணிக்கணக்குதான். ஆனால் இரண்டு வித்தியாசம். வாடகையை மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே பேசி வைத்துவிடும். எந்த வயலுக்குப் பிறகு எந்த வயல் என்பதைப் பாடசேகரக் குழு முடிவு செய்யும், தனித்தனி வயல்காரர் வண்டியைக் கைபிடித்து இழுக்க முடியாது. அதனால் ஒரு பக்கத்தில் இறங்கினால் மறுபக்கம் வரை வரிசையாக அறுத்துக்கொண்டே போகலாம், அலைச்சல் இல்லை. நான் சொன்ன கூட்டுப் பேரத்தின் பாதி அங்கே நடைமுறையிலேயே இருக்கிறது. சண்டை இல்லாமல் இல்லை. கேரள அரசின் கொள்முதல் நிறுவனமான சப்ளைகோவுக்காக நெல் எடுக்கும் மில்காரர்கள் ஈரத்தைக் காட்டிக் குவிண்டாலுக்கு இத்தனை கிலோ என்று கிழிவு, அதாவது எடைக் கழிவு, கேட்பார்கள். குவியல் தார்ப்பாய்க்குள் நாள்கணக்கில் கிடக்கும். கோடை மழை பெய்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஆனால் அந்தச் சண்டை வயல்காரருக்கும் மில்லுக்கும் நடுவில், வண்டி அதற்குள் அடுத்த வயலுக்குப் போயிருக்கும்.

ஏப்ரல் கடைசியில் ஆத்தூர் திரும்பினார்கள். கணக்கு முடிப்பது இரண்டு எண்களை வைத்து: வண்டியின் மணிமீட்டர் காட்டும் ஓட்டம், ஹெல்பர் நோட்டில் எழுதிய பில் மணி. இரண்டுக்கும் எப்போதும் வித்தியாசம் இருக்கும். லாரியில் ஏற்றி இறக்கியது, வயல் தேடி நடந்தது, சேற்றில் நின்றது, ஏஜென்ட் பேசிக் குறைத்தது எல்லாம் அந்த வித்தியாசத்தில் வரும். மற்ற வருடங்களில் ஓனர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். 2023இல் அது பெரிதாக இருந்ததால் டீசலை வீணடித்ததாகப் பேச்சு வந்தது. பெரிய டிரைவர் ஒவ்வொரு ஊராக நினைவிலிருந்து சொல்லி நோட்டோடு ஒத்துக் காட்டினாராம். ஓனர் பாதி ஏற்றுக்கொண்டார். சின்ன டிரைவர் அந்தப் பேச்சோடு வேலையை விட்டுவிட்டார். இப்போது வைக்கோல் கட்டும் இயந்திரம் ஓட்டுகிறார், அங்கே கூலி கட்டுக்கு இவ்வளவு.

2024இல் மேட்டூர் ஜூலை 28 அன்றுதான் திறந்தது, எங்கள் பக்கம் குறுவை சுருங்கிவிட்டது. அறுப்பு நேரத்தில் பெரிய டிரைவருக்குப் போன் செய்தபோது பாலக்காட்டில் முதல் போகத்தில் இருந்தார். சம்பாவுக்கு வருவதாகச் சொன்னார், ஏக்கர் கணக்குக்கு எத்தனை வயல்காரர்கள் சேர்ந்தார்கள் என்றும் கேட்டார். ஆறு பேர் என்றேன். ஆறு பேருடைய வயலும் அடுத்தடுத்தா என்று கேட்டார். இல்லை, நடுவில் இரண்டு பேர் சேரவில்லை.